இரண்டு இலட்சம் ரூபாவும் ஒரு பவர் சப்ளையும்

அரசியலையும் பழைய பத்திரிகைக் காலத்தையும் பற்றியே பெரும்பாலும் எழுதிவரும் நான், கணினி விளையாட்டுக்கான இயந்திரம் ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்திருப்பது நண்பர்கள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் விளையாடுபவன் அல்லன். ஆயினும் 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஏறக்குறைய மூன்று வாரங்கள், அத்தகைய இயந்திரத்துக்கான பாகங்களைத் தெரிவு செய்யும் வேலையில் எனது மருமகனுடன் சேர்ந்து ஈடுபட நேர்ந்தது. கையில் குறைந்த பணம் உள்ள ஒருவர் சந்தையில் எங்கே ஏமாறுகிறார், எப்படி ஏமாறாமல் தப்பலாம் என்பது பற்றி அந்த மூன்று வாரங்களில் நான் கண்டவை கணினிக்கு மட்டும் உரியவையாகத் தோன்றவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மருமகன் என் தங்கையின் மகன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தவன். நமது நாட்டில் இந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளமானது என்பது பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தெரியும். அந்த இடைவெளியில் வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் போட்டோப் பிரதி எடுக்கவும் விண்ணப்பப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கவும் சேர்ந்தான். பதினான்கு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இரண்டு இலட்சம் ரூபா சேர்த்திருந்தான். அந்தப் பணத்தை என்ன செய்யப் போகிறான் என்று தெரிந்ததும் தங்கை எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணா, இரண்டு இலட்சத்தையும் கொண்டுபோய் விளையாட்டுச் சாமானிலை கொட்டப் போறானாம். நீங்கள் ஒருக்கால் அவனோடை கதையுங்கோ."

கதைக்கத்தான் போனேன். ஆனால் அவன் எடுத்து வைத்த பட்டியலைப் பார்த்ததும் அறிவுரை சொல்லும் எண்ணம் போய்விட்டது. பாகத்தின் பெயர், விலை, உத்தரவாதக் காலம், அதற்கு மாற்றாக எதனை வாங்கலாம் என்று நான்கு நிரல்களில் அப்பியாசக் கொப்பித் தாளில் எழுதியிருந்தான். பதினான்கு மாதம் உழைத்துச் சேர்த்தவன் அதனை எதற்குச் செலவிடலாம் என்று தீர்மானிக்கும் உரிமையையும் சேர்த்தே சம்பாதித்திருக்கிறான். இனி நான் பார்க்கக்கூடியது ஒன்றுதான். அந்தப் பணம் வீணாகக் கூடாது.

செய்தி மேசையில் ஒரு கட்டுரை வந்தால் முதலில் கேட்பது, இது யாருக்காக என்பதுதான். அவனிடமும் அதையே கேட்டேன். என்ன விளையாட்டு, எந்தத் திரை? வலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, அவற்றுடன் கதை சொல்லும் பெரிய விளையாட்டுகள் ஓரிரண்டு என்றான். மொனிட்டர், விசைப்பலகை, சுட்டி ஆகியன வீட்டில் ஏற்கெனவே இருந்தன. ஆகவே இரண்டு இலட்சமும் பெட்டிக்கு மட்டும்.

திரையில் இருந்து தொடங்குவது ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. அவனிடம் இருந்த மொனிட்டரில் அகலவாட்டில் 1920 புள்ளிகள், உயரவாட்டில் 1080 புள்ளிகள். மொத்தம் 20,73,600. அது விநாடிக்கு 60 தடவை புதிய படம் காட்டும். அதாவது ஒரு படத்தை வரைந்து முடிக்க இயந்திரத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி மட்டுமே. விநாடிக்கு ஏறத்தாழ 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்க வேண்டும். 4கே என்று விளம்பரப்படுத்தும் திரையில் இவ்வேலை நான்கு மடங்கு. உள்ள திரைக்குத் தேவையானதை விஞ்சிய கிராபிக்ஸ் கார்டை வாங்கினால், அந்த மேலதிகப் பணத்தைத் திரை காட்டாது.

பழைய அச்சுக்கூடத்தை அறிந்தவர்களுக்கு இதன் உள்ளமைப்பை எளிதாக விளக்கலாம். புரொசஸர் என்பது ஆசிரிய பீடம். ஆறு பேர் இருப்பார்கள், ஒவ்வொருவரும் சிக்கலான முடிவுகளை எடுப்பார்கள். கிராபிக்ஸ் கார்ட் என்பது அச்சுக்கோப்பாளர்கள் நிறைந்த பெரிய மண்டபம். ஒவ்வொருவரும் செய்வது சிறிய வேலை, ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் செய்வார்கள். நாங்கள் இறுதியில் தெரிவு செய்த ஏஎம்டி ரைசன் 5 5600 புரொசஸரில் உட்கருக்கள் 6. ரேடியன் ஆர்எக்ஸ் 6600 கார்டில் உள்ள சிறு கணிப்பான்கள் 1792. விளையாட்டுக்கான கணினியில் பெரும் பங்குப் பணம் ஏன் கார்டுக்குப் போகிறது என்பது இதில் விளங்கும்.

முதலில் மலிவான வழி ஒன்று எங்கள் முன் வந்தது. வெளிநாட்டு அலுவலகங்களில் கழிக்கப்பட்டு இங்கு இறக்குமதியாகும் பழைய கணினிகள். ஐம்பதாயிரத்துக்குள் ஒன்றை வாங்கி, ஒரு கார்டைச் செருகினால் போதும் என்று அவனது நண்பன் சொல்லியிருந்தான். அலுவலக வேலைக்கு அவை நல்ல இயந்திரங்கள். ஆனால் பலவற்றில் பெட்டி ஒடுங்கியது, பெரிய கார்ட் உள்ளே போகாது. பவர் சப்ளை அந்த நிறுவனத்துக்கென்றே செய்யப்பட்டது, பழுதானால் சந்தையில் உள்ளதை மாற்றிப் போட முடியாது. இன்னுமொன்று, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைய இருந்தது. விண்டோஸ் 11 ஐ இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்திய புரொசஸர்களில் மைக்ரோசொப்ட் அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 11 இல் வலரன்ட் விளையாட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும். மலிவு என்று வாங்கியது சில மாதங்களில் வாசலில் நிற்கும் நிலைமை வரும். அதனை விட்டோம்.

அடுத்த சோதனை பாவித்த கார்ட். 2021இல் கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்காக உலகெங்கும் கிராபிக்ஸ் கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். 2022 செப்டெம்பர் 15 அன்று எதீரியம் தனது முறையை மாற்றிக்கொண்டது. அத்துடன் அந்த வேலைக்குக் கார்டுகள் தேவையற்றுப் போயின. இரவு பகலாக ஓடிக் களைத்த அவை பாவித்த பொருட்சந்தைக்கு வந்து சேர்ந்தன. எல்லாமே கெட்டவை அல்ல. ஆனால் எது எவ்வளவு உழைத்தது என்பதை வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. பெயரிலும் மயக்கம் உண்டு. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் இரண்டு வகை உலாவுகின்றன. 2017இல் வந்த முதல் வகையில் சிறு கணிப்பான்கள் 2304. பின்னர் சீனச் சந்தைக்கென வந்த வகையில் 2048. பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் ஒன்றுதான். ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். பாவித்த கார்ட் வாங்கத்தான் வேண்டும் என்பவர்கள் விற்பவரின் மேசையிலேயே அதனை ஓட்டிப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்கக் கூடாது. பதினான்கு மாதச் சம்பளத்தை வைத்துக்கொண்டு இந்தச் சூதாட்டம் வேண்டாம் என்பதில் நாங்கள் இருவரும் உடன்பட்டோம். உத்தரவாதத்துடன் புதியதாக 8 ஜிபி நினைவகம் கொண்ட 6600 என்று முடிவாயிற்று. அந்த மொனிட்டருக்கு அது தாராளம்.

புரொசஸர் விடயத்தில் போட்டி இரண்டுக்கு இடையில் இருந்தது. இன்டெல் ஐ3-12100எப் விலை குறைந்தது, உட்கரு 4. ரைசன் 5 5600 சற்றுக் கூடியது, உட்கரு 6. கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற விளையாட்டுகள் கார்டைவிடப் புரொசஸரையே அதிகம் வேலை வாங்கும் என்பதால் இரண்டாவதை எடுத்தோம். இரண்டு புரொசஸர்களிலும் திரைக்குப் படம் அனுப்பும் வசதி உள்ளே இல்லை. கார்ட் பழுதானால் திரை இருண்டுதான் இருக்கும் என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

மதர்போர்ட் வாங்கும்போது ஒரு கேள்வி மறவாமல் கேட்க வேண்டும். இதில் உள்ள பயோஸ் இந்தப் புரொசஸரை அறியுமா? பழைய பி450 வகைப் போர்ட்கள் 5000 வரிசைப் புரொசஸர்களுக்கு முன்னரே வந்தவை. பயோஸ் புதுப்பிக்கப்படாவிட்டால் எல்லாவற்றையும் பூட்டி ஆளியைப் போட்டபின் ஒன்றும் நடக்காது. கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லலாம். ரேமில் 16 ஜிபி ஒரே கம்பியாக வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டாக வாங்குவது நல்லது. புரொசஸர் இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் தரவை எடுக்கும், விலையோ ஏறத்தாழ ஒன்றுதான்.

இதுவரை மாமனுக்கும் மருமகனுக்கும் இடையில் பிணக்கு எதுவும் இல்லை. பிணக்கு வந்தது பட்டியலின் கடைசி இரண்டு வரிகளில்.

மொத்தப் பணத்தை நூறு ரூபா என்று வைத்துக்கொண்டால், அவன் கார்டுக்கு 40, புரொசஸருக்கு 18, மதர்போர்ட்டுக்கு 13, ரேமுக்கு 7, எஸ்எஸ்டிக்கு 7 என்று பிரித்திருந்தான். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மிஞ்சிய 15 ரூபாவில் 11 ரூபாவைக் கண்ணாடிக் கதவும் நிறம் மாறும் விளக்குகளும் கொண்ட கேசிங்குக்கு ஒதுக்கியிருந்தான். பவர் சப்ளைக்கு வெறும் 4 ரூபா.

"பவர் சப்ளையும் 500 வாட் எண்டுதான் மாமா போட்டிருக்கு. விலை கூடினதிலையும் அதே 500 தானே?"

கேள்வி நியாயமானது. பெட்டியில் இருப்பதும் அதுதான். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் இருந்தவனுக்குப் பெட்டியில் இருப்பது எல்லாம் ஊடக அறிக்கை மாதிரி. அதில் பொய் இருக்க வேண்டும் என்பதில்லை. எதனைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், எதனைச் சிறிய எழுத்தில் ஒளித்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் எங்கள் தொழில்.

பம்பலப்பிட்டியில் காலி வீதியில் உள்ள யூனிட்டி பிளாசா நெடுங்காலமாகக் கணினிக் கடைகளுக்குப் பெயர்போன கட்டடம். ஒரு சனிக்கிழமை அங்கே போனோம். கடையில் நின்ற இளைஞர் நல்ல மனிதர். நாங்கள் கேட்டதும் இரண்டு பவர் சப்ளைகளையும் வெளியில் எடுத்து மருமகனின் இரு கைகளிலும் ஒவ்வொன்றாக வைத்தார். "தம்பி, முதல்லை பாரத்தைப் பாருங்க" என்றார். ஒன்று கருங்கல், மற்றது வெற்றுத் தகரம். உள்ளே செம்புச் சுருள்களும் பெரிய கொள்ளளவிகளும் இல்லாமல் பாரம் எங்கிருந்து வரும்?

பிறகு பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தோம். கணினியின் புரொசஸரும் கார்டும் உண்பது 12 வோல்ட் மின்சாரம். ஆகவே அந்த நிரலில் எத்தனை அம்பியர் என்பதுதான் கேள்வி. பாரமானதில் 40 அம்பியர். 12 ஐ 40 ஆல் பெருக்கினால் 480 வாட். மலிவானதில் 18 அம்பியர். பெருக்கினால் 216 வாட். வெளியில் எழுதிய 500 எங்கிருந்து வந்தது? விளையாட்டுக் கணினிக்கு அதிகம் பயன்படாத மற்ற நிரல்களையும் சேர்த்துக் கூட்டிய தொகை. மருமகன் தனது கைத்தொலைபேசியில் கணக்குப் பார்த்தான். புரொசஸர் 65 வாட், கார்ட் 132 வாட், விசிறிகளும் மற்றவையும் ஏறக்குறைய 50. முழு வேகத்தில் ஓடும்போது புரொசஸர் இன்னும் சற்றுக் கூட இழுக்கும். 216 இற்குள் அது அடங்காது. அவன் ஒன்றும் பேசாமல் மலிவானதைத் திருப்பிக் கொடுத்தான்.

80 பிளஸ் என்ற முத்திரையைப் பற்றியும் ஒரு சொல். 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய இத்திட்டம் அளப்பது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் பயன்படுகிறது என்பதை மட்டுமே. பாதிச் சுமையில் 100 வாட் வாங்கினால் 85 வாட்டைத் திருப்பித் தருவது வெண்கலத் தரம். மின்னழுத்தம் தாறுமாறாக ஏறும்போது அது கணினியைக் காப்பாற்றுமா என்பது பற்றி அந்த முத்திரை எதுவும் சொல்வதில்லை. அதற்கு மிகை அழுத்தப் பாதுகாப்பு, குறுஞ்சுற்றுப் பாதுகாப்பு என்பன உண்டா என்று தனியாகப் பார்க்க வேண்டும். நாங்கள் எடுத்த 550 வாட் சப்ளையில் அவை இருந்தன.

வேறு நாடுகளில் இருந்து காணொளி வெளியிடுபவர்கள் இதனை இவ்வளவு வலியுறுத்தாமல் இருக்கலாம். அவர்களது மின்சாரம் வேறு. நாம் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைப் பார்த்தவர்கள். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சர் சொல்லக் கேட்டவர்கள். மின்சாரம் போவது கணினிக்குப் பெரிய கேடு அன்று. திடீரென்று போய்த் திடீரென்று திரும்பி வரும் அந்தக் கணங்கள்தாம் கேடு. அப்போது வெளியில் நடக்கும் கூத்துக்கும் உள்ளே உள்ள விலையுயர்ந்த பாகங்களுக்கும் நடுவில் நிற்பது பவர் சப்ளை ஒன்றுதான்.

அது தோற்றால் என்ன நடக்கும் என்பதை நண்பர் ஒருவரின் வீட்டில் கண்டேன். அவருடைய மகனின் கணினியில் பெயர் தெரியாத சப்ளை ஒன்று ஒரு மாலை வெடித்தது. போகும்போது மதர்போர்ட்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போனது. கார்டுக்கு உத்தரவாதம் மீதமிருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கடைக்காரர் ஒரு சிறு கரும்புள்ளியைக் காட்டிப் பற்றுச்சீட்டின் அடியைப் படிக்கச் சொன்னார். எரிந்த அடையாளம், உடைவு, துரு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் செல்லாது என்று நம்மூர்க் கணினிக் கடைகளின் பற்றுச்சீட்டுகளில் பரவலாக எழுதியிருக்கும். ஓராண்டு உத்தரவாதம் என்பது 350 நாள் என்றும் அதே சிறிய எழுத்தில் இருக்கும். வாங்கு முன் அந்த வரிகளை வாசிப்பவர் சிலரே. மலிவான சப்ளையில் மிச்சப்படுத்திய பணம், எல்லாப் பாகங்களின் உத்தரவாதத்தையும் பணயம் வைத்து எடுத்த கடன்.

இதனைச் சொன்னபோது மருமகன் சிறிது நேரம் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வயதில் விளக்குகளை விடுவது எளிதன்று. நண்பர்கள் வந்து பார்க்கப் போவது அந்தக் கண்ணாடிக் கதவைத்தான், உள்ளே ஒரு மூலையில் மறைந்திருக்கும் கறுப்புப் பெட்டியை அல்ல. அவன் பேனையை எடுத்து 11 ஐ வெட்டி 6 ஆக்கினான். 4 ஐ வெட்டி 9 ஆக்கினான். "லைட்டைப் பிறகு வாங்கிப் போடலாம் மாமா" என்றான். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. எது பிறகு வரலாம், எது இப்போதே வேண்டும் என்பதைப் பிரித்தறிவதுதான் வரவுசெலவுத் திட்டம். நமது நாட்டின் நிதியமைச்சுக்கு அது எப்போதும் கைகூடியது என்று சொல்ல மாட்டேன்.

6 ரூபாவுக்குக் கிடைத்த கேசிங்கில் விளக்கு இல்லை. ஆனால் முகப்பு முழுவதும் வலை, முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று. கொழும்பின் வெக்கைக்குக் கண்ணாடி முகப்பைவிட அது ஏற்றது. பெட்டியைப் பூட்டு முன் சுவரில் இருந்த மின்குதையில் புவித்தொடுப்பு உண்டா என்று மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பார்த்தோம். பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், மூன்றாவதில் கம்பி இராது. 650 விஏ யூபிஎஸ் ஒன்றை மாமனின் பங்காக நான் வாங்கிக் கொடுத்தேன். சில நிமிடங்கள்தான் தாங்கும், ஆனால் முறையாக நிறுத்திவிட அந்தச் சில நிமிடம் போதும்.

இந்தச் சிறிய பட்டியலுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய உலகம் இருக்கிறது என்பதும் வியப்புத்தான். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிடு முன் டொலர் ஒன்று 200 ரூபாவை ஒட்டி இருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் 350 ஐத் தாண்டியது. ஒரே கார்ட், இரண்டு மாதங்களில் வேறு விலை. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை உலகெங்கும் ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம் குருஷல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே கைவிடப் போவதாக அறிவித்தது. ஜூனில் நாங்கள் ரேமுக்கு ஒதுக்கிய 7 ரூபா அதன்பின் பட்டியல் போட்டவர்களுக்குப் போதியிராது. எங்கோ கட்டப்படும் தரவு மையம் வெள்ளவத்தைப் பையனின் கொப்பித் தாளில் ஒரு வரியைத் திருத்துகிறது.

தங்கைக்கு இன்னமும் இது முழுதாக உடன்பாடில்லை. விளையாட்டுக்கு இவ்வளவா என்பாள். அதே இயந்திரத்தில் அவன் இப்போது கலியாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்து ஓரளவு சம்பாதிக்கிறான் என்பதைச் சொல்லி அவளைச் சமாதானப்படுத்தலாம். ஆனால் அந்த வாதத்தை நான் வைப்பதில்லை. சம்பாதித்துத் தந்தால்தான் ஒரு பொருளுக்கு மதிப்பு என்றால், நாங்கள் இளமையில் வாங்கிய கிரிக்கெட் மட்டைக்கும் ரேடியோவுக்கும் என்ன கணக்குக் காட்டுவோம்? உழைத்த பிள்ளை விளையாடட்டும்.

வாங்கப் போகும் இளைஞர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். திரையில் இருந்து தொடங்குங்கள். பெரும் பங்கைக் கார்டுக்குக் கொடுங்கள். ரேமையும் எஸ்எஸ்டியையும் பின்னர் கூட்டலாம், விளக்கையும் பின்னர் வாங்கலாம். பவர் சப்ளையைக் கையில் தூக்கிப் பாருங்கள், சீட்டில் 12 வோல்ட் நிரலைப் பெருக்கிப் பாருங்கள். பற்றுச்சீட்டின் அடியில் உள்ள சிறிய எழுத்தைக் கடையில் நின்றே வாசியுங்கள். பணக்காரருக்கு ஒரு பாகம் எரிந்தால் இன்னொன்று வாங்குவார். பதினான்கு மாதம் சேர்த்தவருக்கு அந்த வசதி இல்லை.